பொன் சிவந்த நாள்

ஆண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று சங்கத்து அன்பர்கள் கேட்டபோது, வேதியியல் கற்பித்தே வாழ்நாளைக் கழித்த நமக்கும் இலக்கியத்துக்கும் என்ன தொடர்பு என்று தயங்கினோம். "உங்கள் ஆய்வுக்கூடத்தில் நடந்த ஒன்றை எழுதுங்களேன்" என்றார் மலர்க் குழுவினருள் ஒருவர். அச்சொல்லே துணையாக, தலைநகரத்துக் கல்லூரி ஒன்றில் பட்ட வகுப்பு மாணவர்க்கு நானோ வேதியியலை அறிமுகப்படுத்த முயன்று நாம் பட்ட பாட்டை ஈண்டு எழுதத் துணிகின்றோம். நம் பெருமை பேசும் பகுதி இதில் மிகக் குறைவு என்பதை முன்னரே சொல்லிவிடுகின்றோம்.

நானோ என்பது குள்ளன் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். தலைமயிர் ஒன்றின் பருமன் ஏறத்தாழ 80,000 நானோமீட்டர். தங்கத்தின் அணு ஒன்றோ 0.3 நானோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. 1 முதல் 100 நானோமீட்டர் வரை அளவுடையவற்றை நானோ துகள்கள் என்பர். இவ்வளவையும் முதலாண்டில் கரும்பலகையில் அழகாக எழுதினோம். குள்ளன் என்றதும் வாமனனை உவமை காட்டினோம். மூன்றடி மண் கேட்ட குறளுருவம் உலகளந்தது போன்று சிறியது பெருஞ்செயல் செய்யும் என்றோம். மாணவர் மகிழ்ந்தனர், எழுதிக்கொண்டனர். அவ்வாண்டுத் தேர்வில், நானோ தொழில்நுட்பத்துக்கு எடுத்துக்காட்டுத் தருக என்ற வினாவுக்கு, 2009இல் விற்பனைக்கு வந்த சிறு காரின் பெயரை மூவர் எழுதியிருந்தனர். விடைத்தாளைப் பார்த்துச் சிரித்தோம். பிறகு, அவர்களுக்கு நாம் வேறு எதைக் கண்ணில் காட்டினோம் என்று எண்ணியபோது சிரிப்பு அடங்கிவிட்டது.

உண்மையைச் சொன்னால், நாமும் எதையும் கண்டவரல்லேம். 1975இல் திருச்சிராப்பள்ளியில் இளங்கலை பயின்ற காலத்தில் கூழ்மங்கள் என்றொரு பாடம் உண்டு. அதில் 'தங்க எண்' என்று ஒன்றை நெட்டுருச் செய்தோம். 10 மில்லிலிட்டர் செந்நிறத் தங்கக் கூழ்மத்தில் 10 விழுக்காட்டு உப்புக் கரைசல் 1 மில்லிலிட்டர் சேர்க்கும்போது, நிறம் மாறாமல் காப்பதற்கு எத்தனை மில்லிகிராம் காப்புப் பொருள் வேண்டுமோ, அதுவே அப்பொருளின் தங்க எண். 1925ஆம் ஆண்டுக்குரிய வேதியியல் நோபல் பரிசைப் பெற்ற சிக்மாண்டி வகுத்த அளவை இது. வரையறையைப் பிழையின்றி எழுதி முழு மதிப்பெண்ணும் பெற்றோம். ஆனால், மஞ்சளாய் இருக்கவேண்டிய தங்கம் ஏன் செந்நிறக் கூழ்மம் ஆயிற்று என்று நம்முள் ஒருவரும் கேட்கவில்லை. ஆசிரியரும் கேட்கச் சொல்லவில்லை. நாற்பது ஆண்டுக்குப் பின்னர் நானோ என்னும் புதுப்பெயரோடு அதே பாடம் திரும்பி வந்தபோது, அதே முறையில் அதனைக் கற்பிக்க முற்பட்டோம் என்பதுதான் வெட்கத்துக்குரியது.

இத்துறையின் கதையை 1959இல் ஃபெயின்மன் ஆற்றிய சொற்பொழிவிலிருந்து தொடங்குவது வழக்கம். 1974இல் ஜப்பானியர் தானிகுச்சி 'நானோ தொழில்நுட்பம்' என்ற சொல்லை ஆண்டார் என்பதையும் சேர்த்துக்கொள்வர். நம் கருத்தில் முதற்சிறப்பு மைக்கேல் ஃபாரடேக்கே உரியது. மின்காந்தத்தால் நாம் அறிந்த அப்பெரியார், 1857இல் இலண்டன் அரசவைக் கழகத்தில் தங்கக் குளோரைடுக் கரைசலைப் பாஸ்பரசு கொண்டு ஒடுக்கி, மாணிக்கம் போன்ற சிவந்த நீரைப் பெற்றார். அந்நீரில் இருப்பது புதிய சேர்மம் ஏதுமன்று, தங்கமே, கண்ணுக்கு எட்டாத நுண்மையில் தங்கமே என்று துணிந்தார். அத்துகளைக் காணும் கருவி அவர் காலத்தில் இல்லை. எலெக்ட்ரான் நுண்ணோக்கி பிறப்பதற்கு முக்கால் நூற்றாண்டு முன்னரே அவர் அறிவு அங்கே போய் நின்றது. அவர் ஆக்கிய நீரிற் சில புட்டிகள் இன்றும் அக்கழகத்தில் சிவப்பு மாறாமல் காக்கப்பட்டு வருகின்றன.

தங்கத் தகட்டை மிக மெலிதாக அடித்து ஒளிக்கு எதிரே பிடித்தால் பச்சையாகத் தோன்றும் என்பதையும் ஃபாரடே எழுதியுள்ளார். செம்பொன், பசும்பொன் என்று நம் மொழியில் இரண்டு சொற்கள் இருப்பதை எண்ணி ஓர் இரவு முழுதும் மகிழ்ந்திருந்தோம். விடிந்ததும் தெளிவு வந்தது. அச்சொற்கள் மாற்றுயர்ந்த பொன்னையும் புதுப்பொன்னையும் சுட்டுவன. ஒளியியல் பேசுவன அல்ல. 2020இல், கீழடிப் பானையோடுகளின் கரிய பூச்சில் கரியின் நானோ குழாய்கள் காணப்பட்டன என்று வேலூர் ஆய்வாளர் வெளியிட்ட செய்தியை மாணவர் ஒருவர் நமக்கு அனுப்பி, "உங்கள் முன்னோர் நானோ அறிந்தவரா?" என்று கேட்டார். இருபத்தைந்து நூற்றாண்டாக உதிராத பூச்சை அக்குயவர் அறிந்திருந்தார். குழாயை அறிந்திரார் என்று விடை எழுதினோம். அப்பூச்சே போதிய பெருமை அன்றோ!

இனி நம் கதைக்கு வருவோம். கண்ணாற் காட்டாமல் இப்பாடத்தைக் கற்பிப்பதில்லை என்று 2013இல் உறுதி கொண்டோம். அளவு ஒரு பொருட்டன்று என்று பள்ளி தொட்டு நாமே கற்பித்து வந்துள்ளோம். ஒரு கிலோ தங்கமும் மஞ்சள், ஒரு மில்லிகிராமும் மஞ்சள். இரண்டும் உருகுவது 1064 டிகிரியில். இப்பழம் பாடத்தை மாணவரின் கண்முன்னரே உடைத்தாலன்றி நானோ என்பது அவர்க்கு வெறும் சிறுமையாகவே நிற்கும். அதனை உடைப்பதற்குத் தங்கத்தினும் தக்கது வேறில்லை.

தங்கம் வேண்டும் என்று எழுதிய விண்ணப்பத்தைக் கண்ட கணக்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "செய்முறை முடிந்தபின் தங்கம் எங்கே இருக்கும்?" என்பது அவர் கேள்வி. நீரில் இருக்கும் என்றோம். "நீர் எங்கே போகும்?" என்றார். தணிக்கையாளர் வந்து கேட்டால் என்ன சொல்வது என்பதே அவர் கவலை. ஒரு குடுவைக்குத் தேவை 4 மில்லிகிராம் தங்கமே, ஒரு சவரனைக் கொண்டு இரண்டாயிரம் குடுவைகளைச் சிவக்கச் செய்யலாம் என்று கணக்கிட்டுக் காட்டிய பின்னரே கையொப்பமிட்டார்.

செய்முறை 1951இல் துர்க்கெவிச்சும் உடன் ஆய்ந்தோரும் வகுத்தது, சமையலினும் எளியது. குளோரோ ஆரிக் அமிலத்தின் மிக நீர்த்த கரைசல் 20 மில்லிலிட்டரைக் கூம்புக் குடுவையில் கொதிக்கவிட வேண்டும். அது வெளிறிய மஞ்சள். கொதித்துக்கொண்டிருக்கும்போதே 1 விழுக்காட்டுச் சோடியம் சிட்ரேட் கரைசல் 2 மில்லிலிட்டரைச் சேர்த்துக் கலக்கிக்கொண்டிருக்க வேண்டும். முதலில் மஞ்சள் மறைந்து நீர் நிறமற்றுப் போகும். ஒன்றும் நடவாதது போன்று சிறிது நேரம் செல்லும். மாணவர் நம் முகத்தைப் பார்ப்பர். அடுத்து ஒரு சாம்பல் நிழல் படரும், அது கருநீலமாகும், ஊதாவாகும். பத்து நிமிடத்துக்குள் குடுவை முழுதும் மாதுளைச் சாறு போன்று சிவந்துவிடும். அம்முதல் நாளில் வகுப்பறையில் எழுந்த ஒலியை நம் ஆசிரிய வாழ்வில் முன்னர்க் கேட்டதில்லை. ஒரு மாணவன், நாம் ஏதோ சாயம் கலந்துவிட்டோம் என்றே ஐயுற்றுச் சிட்ரேட் புட்டியை முகர்ந்து பார்த்தான். நாமும் அன்றுதான் முதன்முறையாகத் தங்கக் கூழ்மத்தைக் கண்டோம் என்பதை அவர்களிடம் சொல்லவில்லை.

அக்குடுவையில் உள்ள துகள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 13 நானோமீட்டர். 4 மில்லிகிராம் தங்கம் நூறு லட்சம் கோடிக்கும் மேற்பட்ட மணிகளாகப் பிரிந்து மிதக்கின்றது. தங்கத்தினுள் கட்டற்று உலவும் எலெக்ட்ரான்கள் உண்டு. இத்துணைச் சிறிய மணியினுள் ஒளியலை வந்து மோதும்போது அவை அனைத்தும் ஒருசேர ஊசலாடுகின்றன. அவ்வூசல், 520 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியோடு இசைந்து அதனை விழுங்கிவிடுகின்றது. எஞ்சிய சிவப்பே நம் கண்ணுக்கு வருகின்றது. 1908இல் மீ என்னும் ஜெர்மானிய அறிஞர் இதற்குக் கணக்கு வகுத்தார். மணிகள் ஒன்றோடொன்று நெருங்கிச் சேர்ந்துவிட்டால் ஊசலின் இயல்பு மாறும். அவை நீண்ட அலைகளை விழுங்கும். நீர் நீலமாய்த் தோன்றும். சேராமல் காப்பது சிட்ரேட். அது ஒவ்வொரு மணியையும் போர்த்தி எதிர்மின்னூட்டம் தருகின்றது. ஒத்த மின்னூட்டங்கள் விலக்கும் ஆதலின் மணிகள் தள்ளியே நிற்கின்றன.

இதனை மெய்ப்பிக்க, சிவந்த நீரை இரண்டு சோதனைக் குழாய்களில் ஊற்றி, ஒன்றில் உப்புக் கரைசலும் மற்றொன்றில் சர்க்கரைக் கரைசலும் சொட்டுச் சொட்டாக விடச் செய்தோம். சர்க்கரை இட்டது சிவப்பாகவே நின்றது. உப்பு இட்டது நொடியில் நீலமாயிற்று. உப்பின் அயனிகள் மின்னூட்டத்தை மறைத்துவிட, மணிகள் கூடிவிட்டன. இதற்குப் பாடநூல் தரும் சொல் திரிதல். பால் திரிவதைக் கண்டிராத வீடு உண்டோ? அச்சொல்லை ஆண்ட பெயரறியா மொழிபெயர்ப்பாளரை மனத்தால் வணங்கினோம். வகுப்பில் இந்திக்காரருக்கு அதனை விளக்க வழியின்றி விட்டுவிட்டோம்.

மேற்பரப்பைப் பற்றியும் ஒரு கணக்கு. ஒவ்வொரு பக்கமும் 1 சென்டிமீட்டர் உள்ள கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதனை 1 நானோமீட்டர்க் கனசதுரங்களாக நறுக்கினால் மொத்த மேற்பரப்பு 6,000 சதுர மீட்டராகும். ஊரில் மனை வாங்கக் கனவு காணும் அன்பர்க்கு அவர்தம் கணக்கில் சொல்வதானால் ஏறத்தாழ 27 கிரவுண்டு! வேதிவினை நிகழ்வது மேற்பரப்பில் ஆதலின், சோம்பிக் கிடக்கும் தங்கமும் நானோ உருவில் வினையூக்கியாகிச் சுறுசுறுப்புக் கொள்கின்றது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் பிரதீப்பும் அவர் குழுவினரும் குடிநீரிலிருந்து பூச்சிக்கொல்லி எச்சத்தையும் ஆர்சனிக்கையும் நீக்க நானோ பொருள்களைப் பயன்படுத்தியதற்கு அடிப்படை இதுவே. பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டில் இருந்தவாறே நாம் சோதித்துக்கொண்ட அட்டைகளை நினைவு கூர்க. அவற்றிற் பலவற்றில் தோன்றிய சிவந்த கோடு இத்தங்கமே.

இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்கின்றோம். அவ்வாண்டு வகுப்பில் பன்னிரண்டு குழுக்கள். பதினொரு குடுவைகள் சிவந்தன. கடைசி மேசைக் குடுவை மட்டும் நீலச் சாம்பலாகிக் கரும்பொடியாய் அடியில் படிந்தது. கண்ணாடிக் கலங்களை முதலில் இராஜதிராவகத்தால் கழுவி, வாலை வடிநீரால் பலமுறை அலச வேண்டும் என்று எச்சரித்திருந்தோம். அம்மேசைக்குரிய மாணவி கழுவாமல் ஏமாற்றிவிட்டாள் என்று நினைத்தோம். நினைத்ததோடு நில்லாமல் அனைவர் முன்னிலையிலும் சொன்னோம். அவள், "சொன்னபடியே கழுவினேன், சார்" என்றாள். மறுவாரம் மீண்டும் செய்யப் பணித்தோம். மீண்டும் அதே சாம்பல் நிறம். இம்முறை நாம் ஆண்ட சொற்களை இங்கே எழுத விருப்பமில்லை. தங்கத்தின் அருமை அறியாதவள் என்ற பொருள்படச் சொன்னது நினைவிருக்கின்றது. அவள் தந்தை கரோல்பாக்குப் பட்டறை ஒன்றில் பொற்கொல்லர் என்பது அப்போது நமக்குத் தெரியாது.

மூன்றாம் வாரம் அவள் செய்முறையைத் தொடவில்லை. பக்கத்து மேசையினர் ஆக்கிவைத்திருந்த சிவந்த நீரில் சிறிது வாங்கி, இரண்டு குழாய்களில் பகிர்ந்து, ஒன்றில் பக்கத்து மேசைக் கேனிலிருந்த நீரையும் மற்றொன்றில் தன் மேசைக் கேனிலிருந்த நீரையும் சம அளவு ஊற்றினாள். முதற்குழாய் வெளிறிய சிவப்பாயிற்று. இரண்டாவது, நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊதாவாகி நீலத்தில் சென்று நின்றது. அவள் ஒன்றும் பேசாமல் இரண்டையும் தாங்கியில் வைத்து நம்முன் நகர்த்தினாள்.

அக்கேனில் நீர் நிரப்பியவர் நாமே. முதற்செய்முறைக்கு முந்தைய மாலை மின்சாரம் நின்று வடிநீர் போதாமற்போகவே, பழைய இருப்பு என்று எண்ணி, மூலையில் இருந்த கலத்திலிருந்து ஊற்றி நிரப்பினோம். அதில் இருந்தது ஆழ்துளைக் கிணற்று நீர். தலைநகரத்து நிலத்தடி நீரின் உப்பும் கடினத்தன்மையும் இங்குக் குடியிருக்கும் அன்பர்க்கு நாம் சொல்ல வேண்டியதில்லை; பருப்பு வேகாத கொடுமையை அறிவீர்கள். அதிலுள்ள கால்சியம் முதலான அயனிகள் அவள் தங்கத்தைத் திரித்துவிட்டன. ஐயம் தோன்றியிருந்தால் ஒரு சொட்டு வெள்ளி நைட்ரேட் போதும். வெண்மையாகக் கலங்கி உப்பு இருப்பதைக் காட்டியிருக்கும். பள்ளி மாணவரும் அறிந்த அச்சோதனை முப்பது ஆண்டு ஆசிரியருக்குத் தோன்றவில்லை; ஏனெனில், பிழை அம்மேசையில் இருக்கும் என்றே தேடினோம். வகுப்பின் முன் கடிந்த நாம் வகுப்பின் முன்னரே அவளிடம் பொறுத்தருளக் கேட்டோம். கேட்டது எளிதாக இருக்கவில்லை. அவள் தலையசைத்தாள், அவ்வளவுதான். பல வாரம் நம்மிடம் ஐயம் கேட்க அவள் வரவில்லை.

பருவத்தின் இறுதியில் ஒருநாள் வந்தாள். தான் ஆக்கிய சிவந்த நீரைச் சிறு குப்பியில் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தந்தையிடம் காட்டினாளாம். அவர் குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை உரைகல்லில் எப்படி உரைப்பது?" என்று கேட்டாராம். தங்கமென்றால் திருப்பித் தர முடியவேண்டும்; தர முடியுமா என்று உங்கள் ஆசிரியரைக் கேள் என்று சொல்லியனுப்பியிருந்தார். இதனினும் நல்ல வினாவை எந்தத் தேர்வுத்தாளிலும் நாம் கண்டதில்லை.

நானோ கழிவைச் சாக்கடையில் கொட்டலாகாது, உயிர்களுக்கு அது செய்வதென்ன என்பது இன்னும் ஆராயப்பட்டு வருகின்றது என்பதனால், எல்லாக் குழுக்களின் நீரையும் ஒரு பெரும் புட்டியில் சேர்த்து வைத்திருந்தோம். அதில் உப்பை அள்ளிக் கொட்டினோம். சிவப்பு நீலமாகி, இரண்டு நாளில் கரும்பொடி அடியில் தங்கியது. வடிகட்டி, கழுவி, உலர்த்தி, வடிதாளோடு மடித்து அவளுடன் பட்டறைக்குச் சென்றோம். பொற்கொல்லர் வங்காளி, மாஸ்டர்மோஷாய் என்று நம்மை அழைத்து, அமர இடம் ஒதுக்கித் தந்தார். இராஜதிராவகம் அவர்க்குப் பழக்கமானது. பட்டறைத் தூசியிலிருந்து பொன்னை மீட்பதற்குப் பல ஆண்டாக அதனைக் கையாள்பவர். மகள் உப்பையும் மின்னூட்டத்தையும் விளக்க, அவர் பாதி கேட்டும் கேளாமலும் வடிதாளைச் சிறு மூசையில் வைத்து, வெண்காரம் தூவி, சுடரை ஊதிப் பாய்ச்சினார். தாள் எரிந்தது. கரும்பொடி ஒரு கணம் ஒன்றுமில்லாதது போன்று கிடந்தது. பின்னர் ஓரிடத்தில் ஒளி கூடியது, உருண்டது, ஒரு துளியாய் நடுங்கி நின்றது. ஆறியபின் குறட்டால் எடுத்து உள்ளங்கையில் இட்டார். பெரிய கடுகளவு, குன்றிமணி எடைக்கும் குறைவு, மஞ்சள்.

உரைகல்லில் உரைத்துப் பார்த்தார். "நல்ல தங்கம்" என்று மகளிடம் சொன்னார். நம்மிடம் சொல்லவில்லை.

மறுநாள் அம்மணியைக் கணக்கரிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் அதனைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். இருப்புப் பதிவேட்டில் இதனை எத்தலைப்பின்கீழ் எழுதுவது என்பது அவர்க்குப் பெருஞ்சிக்கலாயிற்று. இறுதியில், வேறு தலைப்பு இல்லாமையால், நுகர்பொருள் என்பதன்கீழ்த் 'தங்கம், 1. திரும்பப் பெற்றது' என்று எழுதினார். மீட்டுத் தந்தவர் என்ற இடத்தில் நம் பெயரை எழுதப் போனவரைத் தடுத்து, அம்மாணவியின் பெயரையும் அவள் தந்தையின் பெயரையும் சொன்னோம்.